அம்மாவோட 7 வருஷத்து இருமல்: ஜப்பான் மாத்திரையா, நரம்பு மாத்திரையா, மார்ஃபினா, தொண்டைப் பயிற்சியா?

எங்க மாமா மகன் ஜப்பான்ல வேலை பாக்கான். போன தீபாவளிக்கு வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போது அம்மா வழக்கம்போல இரும ஆரம்பிச்சா, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு போய்க்கிட்டே இருந்துச்சு, முகமெல்லாம் செவந்து கண்ணுல தண்ணி, அவன் அந்தப் பக்கம் ஒண்ணும் பேசாம பாத்துக்கிட்டே இருந்தான். ராத்திரி எனக்குத் தனியா கூப்பிட்டு, "மதினி, இங்க நாள்பட்ட இருமலுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு, டாக்டர்மார் எழுதுறாங்க, அத்தைய ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்து காமிச்சுருவமா, செலவை நான் பாத்துக்கிடுதேன்"ன்னான். அன்னையில இருந்து ரெண்டு மாசம் இதே யோசனைதான். நான் செங்கோட்டையில ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட், மருந்து பேரெல்லாம் பழக்கம், ஆனா இந்த விஷயத்துல எனக்கே நிறைய தெரியாம இருந்திருக்குன்னு படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சுது. கடைக்கு புளியரை, ஆரியங்காவு, தென்மலைன்னு ரெண்டு பக்கத்து ஆட்களும் வருவாங்க, அதுல வருஷக்கணக்கா இருமிக்கிட்டு இருக்கிற பொம்பளைங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும், அதனால நாங்க எதை எதை ஒப்பிட்டுப் பாத்தோம், கடைசியில எதை எடுத்தோம்னு முழுசா எழுதுறேன்.

முதல்ல அம்மா கதை. வயசு 61, இருமல் ஆரம்பிச்சது 54-ல. 30 வருஷம் பீடி சுத்தினவ, மடியில சொளவு, அதுல புகையிலைத் தூள், அதே ரூம்லதான் சமையல், படுக்கை எல்லாம். இருமல் வந்த ரெண்டாவது வருஷமே பீடிய விட்டுட்டா, இருமல் விடல. சளி கிடையாது, வறட்டு இருமல், தொண்டைக்குழியில ஏதோ இறகு வச்சு நெருடுற மாதிரி இருக்குன்னு சொல்லுவா. ஆனி ஆடியில கணவாய் வழியா அந்தச் சாரக்காத்து வந்து மூஞ்சில அடிச்சா போதும், ஊரே குளுகுளுன்னு இருக்குன்னு சந்தோஷப்படும், எங்க வீட்ல ஜன்னலைச் சாத்துவோம். ஊதுபத்தி, தாளிக்கிற வாசனை, போன்ல கொஞ்சம் நேரம் பேசினா, சிரிச்சா, எல்லாத்துக்கும் இருமல். இருமும்போது மூத்திரம் சிந்திருது, அதை ரெண்டு வருஷமா என்கிட்டகூட சொல்லாம பழைய சேலைத் துணிய மடிச்சு வச்சுக்கிட்டு இருந்திருக்கா. கல்யாண வீட்டுக்குப் போறத நிறுத்தினது அதனாலதான்னு எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு நான் அழுதுட்டேன். இது நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க, தயவுசெஞ்சு உங்க வீட்ல கேளுங்க.

எந்தப் புது மருந்தைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடியும் செய்ய வேண்டியது சிலது இருக்கு, இத தாண்டிப் போகவே கூடாது. நம்ம ஊர்ல 2 வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட் எடுத்து காசநோய் இல்லன்னு பாக்கணும், அரசாங்க ஆஸ்பத்திரியில காசு கிடையாது. அப்புறம் எக்ஸ்ரே. அப்புறம் நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரை என்னன்னு பாருங்க, பேரு 'பிரில்'னு முடிஞ்சா, அதாவது எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில், அந்த வகை மாத்திரையே கொஞ்சம் பேருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும், டாக்டர் அதை மாத்தி டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி வேற குடுத்தா பொதுவா சில வாரத்துல நின்னுரும், சிலருக்கு 3 மாசம்கூட ஆகும். நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டு மாத்துங்க. எங்க கடையிலயே இப்படி ஒரு அண்ணாச்சி 2 வருஷம் சிரப் வாங்கிட்டு இருந்தாரு, பிரஷர் மாத்திரை மாறின பிறகு அந்தப் பக்கமே வரல. அதுக்கப்புறம் ஆஸ்துமா (இருமல் மட்டும் காட்டுற ஆஸ்துமாவும் உண்டு), மூக்குல இருந்து தொண்டைக்கு இறங்குற நீர், வயித்து அமிலம் மேல ஏறுறது, இந்த மூணும். அம்மாவுக்கு இது எல்லாமே பாத்தாச்சு, எனலாபிரிலை மாத்தியாச்சு, இன்ஹேலர் 3 மாசம், கேஸ் மாத்திரை 3 மாசம், சி.டி. ஸ்கேன், எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா இருமல் மட்டும் இருக்கு. பெரியவங்களுக்கு 8 வாரத்துக்கு மேல நீடிச்சா அது நாள்பட்ட இருமல், எல்லா வைத்தியத்துக்கும் மசியலன்னா அதுக்குன்னு தனிப் பேர் வச்சிருக்காங்க, வைத்தியத்துக்கு அடங்காத நாள்பட்ட இருமல்னு. இது 50, 60 வயசு பெண்களுக்குத்தான் ரொம்ப அதிகம்.

இதை எங்களுக்குப் புரிய வச்சது திருவனந்தபுரத்துல ஒரு நுரையீரல் டாக்டரம்மா. புனலூர் வழியா காலையில பஸ் ஏறிப் போனோம். அவங்க மலையாளம் கலந்த தமிழ்ல சொன்னது இதுதான்: "அம்மையோட நெஞ்சுல ஒண்ணும் இல்லா, கேடு நரம்புலயாக்கும்." அதாவது தொண்டையில இருந்து மூளைக்குப் போற வேகஸ் நரம்பு அளவுக்கு மீறி கூச்சப்பட்டுப் போச்சு. மிளகாய் வத்தலை வறுத்தா வீடே இருமும்ல, அது எல்லாருக்கும் நடக்கிறது, ஏன்னா மிளகாயோட காரத்தைப் பிடிக்கிறதுக்குன்னே அந்த நரம்பு நுனியில ஒரு ஏற்பி இருக்கு. அம்மா மாதிரி ஆளுகளுக்கு பக்கத்து வீட்ல உப்புமாவுக்குத் தாளிச்சாலே அந்த அளவுக்கு எகிறுது. புண்ணு ஆறின பிறகும் தோல் கூசுற மாதிரின்னு வச்சுக்கோங்க. இது புரிஞ்ச பிறகுதான் 7 வருஷமா சளி கரைக்கிற சிரப்பா வாங்கி ஊத்தினோமே, சளியே இல்லாதவளுக்குன்னு உறைச்சுது.

சிரப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா பெரும்பாலானவங்க இன்னும் அங்கதான் நிக்கிறாங்க. நம்ம வேலியோரம் நிக்கிற ஆடாதோடைச் செடி இருக்குல்ல, அதுல இருக்கிற வாசிசின்ங்கிற பொருளை வச்சுத்தான் 1960-கள்ல புரோம்ஹெக்சின் செஞ்சாங்க, அதுல இருந்து வந்ததுதான் அம்ப்ராக்சால், இன்னைக்கு கடையில இருக்கிற பாதி சிரப்புல இது ரெண்டுல ஒண்ணு இருக்கும். எங்க பாட்டி ஆடாதோடைக் கசாயம் போட்டது வீண் இல்லன்னு எனக்கு பெருமைதான், ஆனா அது சளிக்கு, கூச்ச நரம்புக்கு இல்ல. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அமெரிக்காவுல வந்தது 1958, அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கு மேல இருமலை அடக்கன்னு அங்க புதுசா ஒரு மருந்துகூட அனுமதி வாங்கல. கோடீன் சிரப் போதைக்கு விக்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 2025 அக்டோபர்ல நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான ஒரு சிரப்புல டை எத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க, மத்தியப் பிரதேசத்துல அத்தனை பிள்ளைங்க செத்துப்போச்சு, அந்த வாரம் கடையில நின்னு பாட்டிலை எடுத்துக் குடுக்க கை வரல எனக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாம சிரப் கேட்டா இப்ப நான் குடுக்கிறதே இல்ல.

சரி, இப்ப ஜப்பான் மாத்திரை. பேரு கெஃபாபிக்சண்ட், ஜப்பான்ல 2022 ஜனவரியில அனுமதி கிடைச்சுது, ஐரோப்பாவுல 2023 செப்டம்பர்ல. வேலை செய்யிற விதம் அழகானது, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நம்ம செல்லுக்குள்ள சக்தியா ஓடுற ஏ.டி.பி.ங்கிற பொருள், செல் அடிபட்டா வெளிய கசியும். வெளிய கசிஞ்சதை நரம்பு நுனியில இருக்கிற பி2எக்ஸ்3ங்கிற ஏற்பி பிடிச்சு "இங்க ஏதோ கோளாறு, இருமு"ன்னு மூளைக்குச் சொல்லும். அந்த ஏற்பிய மாத்திரை மூடிருது, சேதி போறது குறையுது. இதை முதல்ல கண்டுபிடிச்சு வளர்த்தது அஃபரண்ட்னு ஒரு சின்ன கம்பெனி, அதை 2016-ல மெர்க் வாங்குச்சு. 2015-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த முதல் ஆய்வுல 24 பேருக்கு பெரிய டோஸ், தினம் ரெண்டு வேளை 600 மில்லிகிராம் குடுத்தாங்க, மருந்தே இல்லாத டம்மி மாத்திரையோட ஒப்பிட்டா பகல் இருமல் 75 சதவீதம் குறைஞ்சுது. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேருக்கும் நாக்கு ருசி கெட்டுப்போச்சு, 6 பேர் அது தாங்காமலே விலகிட்டாங்க.

ருசி ஏன் கெடுதுன்னா, அந்த ஏற்பி மூணு துண்டு சேந்து ஆனது, அடுப்புக்கு மூணு கல்லு மாதிரி. இருமல் நரம்புல மூணு கல்லும் ஒரே ரகம். நாக்குல இருந்து ருசிய எடுத்துட்டுப் போற நரம்புல ஒரு ரகமும் இன்னொரு ரகமும் கலந்து இருக்கும். கெஃபாபிக்சண்ட் ரெண்டு அடுப்பையும் சேத்து அணைச்சுருது. அதனால டோஸைக் குறைச்சு 45 மில்லிகிராம் ரெண்டு வேளைன்னு வச்சு ரெண்டு பெரிய ஆய்வு பண்ணாங்க, மொத்தம் 2,000 பேருக்கு மேல, சராசரியா 11 வருஷத்துக்கு மேல இருமினவங்க, முக்கால்வாசி பெண்கள், அதாவது எங்க அம்மா மாதிரியே. 2022-ல லான்செட்ல முடிவு வந்துச்சு: டம்மியைவிட இருமல் ஒரு ஆய்வுல 18.5 சதவீதம், இன்னொண்ணுல 14.6 சதவீதம் அதிகமா குறைஞ்சுது. ருசிக் கோளாறு 58 சதவீதம் பேருக்கும் 69 சதவீதம் பேருக்கும்.

இந்த இடத்துலதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். மருந்து சாப்பிட்டவங்களுக்கு மொத்தமா 60 சதவீதத்துக்கு மேல இருமல் குறைஞ்சிருக்கு. மாமா மகன் எனக்கு அனுப்பின தகவல்ல அதுதான் பெருசா இருந்துச்சு, நானும் முதல்ல "அடேயப்பா"ன்னுதான் நினைச்சேன். ஆனா டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு! இது அவங்க வாயால சொன்ன கணக்கு இல்ல, நெஞ்சுல மைக்கை ஒட்டி 24 மணி நேரம் பதிவு பண்ணி, அதுல இருந்து ஒவ்வொரு இருமலா எண்ணின கணக்கு. நம்மள ஒருத்தங்க கவனிக்கிறாங்க, மருந்து சாப்பிடுறோம்ங்கிற நம்பிக்கையே இந்த இருமலைப் பாதியாக்குது, அப்படின்னா இது எந்த அளவுக்கு மூளை சம்பந்தப்பட்டதுன்னு பாருங்க (அதுக்காக மனப்பிராந்தின்னு அர்த்தம் இல்ல, அப்படிச் சொல்லி அம்மாவை ஒருத்தர் விரட்டினாரு, அது இன்னும் ஆறல). அதனால எந்தப் புது இருமல் மருந்தைப் பத்திப் படிச்சாலும் மொத்தக் குறைப்பைப் பாக்காதீங்க, டம்மியைக் கழிச்ச பிறகு எவ்வளவுன்னு பாருங்க. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, 2022 ஜனவரியில ஒரு தடவ திருப்பி அனுப்பினாங்க, 2023 நவம்பர்ல நிபுணர் குழு 12-க்கு 1ன்னு இந்தப் பலன் நோயாளிக்கு உணரும்படி இல்லன்னு ஓட்டுப் போட்டுச்சு, டிசம்பர்ல ரெண்டாவது தடவையும் மறுத்துட்டாங்க.

அம்மாவைப் பொறுத்தவரை ருசிங்கிறது சின்ன விஷயம் இல்ல. அவ கைப்பக்குவத்துக்குத்தான் தெருவுல மரியாதை, விசேஷ வீட்ல புளிக்குழம்புக்கு உப்பு பாக்க அவளைத்தான் கூப்பிடுவாங்க, இருமலால வெளிய போக முடியாம ஆன பிறகு அவளுக்கு மிஞ்சின ஒரே சந்தோஷம் அடுப்படி. மாத்திரைய நிறுத்தினா ருசி திரும்பிரும்னு சொல்றாங்க, அது உண்மைதான், ஆனா மாத்திரைய நிறுத்தினா இருமலும் திரும்பிருமே. வருஷக்கணக்கா சாப்பிடுற மாத்திரை, ஒவ்வொரு தடவையும் ஜப்பானுக்கு எப்படிப் போறது? அந்த மருந்து கிட்னி வழியா வெளியேறுது, அதைக் கவனிச்சு டோஸ் பாக்க பக்கத்துல டாக்டர் வேணும். 15, 18 சதவீதத்துக்காக இது எல்லாமான்னு நான் கேட்டுக்கிட்டேன். நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு இருமுற, ருசி போனாலும் பரவால்லன்னு நினைக்கிற ஒருத்தங்க பக்கத்து ஊர்லயே இந்த மருந்து கிடைச்சா எடுத்துப் பாக்கிறதுல தப்பே இல்ல. எங்களுக்கு ஒத்து வரல.

அப்ப காத்திருக்கலாமா? அடுத்தது வருது, காம்லிபிக்சண்ட். இது இருமல் நரம்பு அடுப்பை மட்டும் அணைக்கிற மாதிரி, நாக்கு அடுப்பைத் தொடாம இருக்கிற மாதிரி செஞ்சது. கனடாவுல மாண்ட்ரியல் பக்கத்து பெல்லஸ்ங்கிற கம்பெனி வளர்த்தது, 2023-ல ஜி.எஸ்.கே. அதை 200 கோடி டாலருக்கு வாங்குச்சு. ரெண்டாம் கட்ட ஆய்வுல டம்மியைக் கழிச்சு 34 சதவீதம் குறைப்பு, ருசிக் கோளாறு அதிகபட்சமா 6.5 சதவீதம் பேருக்குத்தான். எண்களை வச்சுப் பாத்தா என் மனசு இதுலதான் நிக்குது. ஆனா அந்த ஆய்வுல முக்கியமா எடுத்துக்கிட்டது மணிக்கு 25 தடவைக்கு மேல இருமுறவங்களை, அதனால அம்மாவுக்கு அதே பலன் வரும்னு நேரா எடுத்துக்க முடியாது. ரெண்டாம் கட்டத்துல ஜொலிச்சு அடுத்த கட்டத்துல மங்கிப்போன மருந்து இந்தத் துறையில ஏற்கனவே இருக்கு, கெஃபாபிக்சண்டே சாட்சி. பேயர் கம்பெனியோட எலியாபிக்சண்ட்டும் இதே குடும்பம்தான், 27 சதவீதம் வரை குறைச்சுது, 2022 பிப்ரவரியில நன்மைக்கும் ஆபத்துக்கும் கணக்குச் சரிவரலன்னு மொத்தமா நிறுத்திட்டாங்க. ஜப்பானோட ஷியோனோகி கொண்டு வந்த சிவோபிக்சண்ட் தேறல. மிளகாய் ஏற்பியவே அடைச்சுப் பாத்தாங்க, ஆய்வுக்கூடத்துல மிளகாய்ச் சாறு குடுத்து வர வைக்கிற இருமல் குறைஞ்சுது, தானா வர்ற இருமல் குறையவே இல்ல! நம்ம இந்தியக் கம்பெனி கிளென்மார்க்கூட வேற ஒரு ஏற்பிய அடைக்கிற மருந்தை முயற்சி பண்ணாங்க, அதுவும் பலிக்கல. இதை எல்லாம் படிச்சப்ப மருந்து கண்டுபிடிக்கிறவங்க மேல எனக்கு மரியாதை கூடத்தான் செஞ்சுது, எத்தனை வருஷ உழைப்பு, எத்தனை பேர் தங்க உடம்பைக் குடுத்திருக்காங்க. ஆனா 61 வயசு அம்மாகிட்ட "இன்னும் கொஞ்ச வருஷம் பொறு"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருக்க முடியாது.

இப்பவே கையில இருக்கிறதுல ஒண்ணு நரம்பு மாத்திரை, கபாபென்டின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் குடுக்கிறது, எங்க கடையில தினம் போகும். 2012-ல ஆஸ்திரேலியாவுல 62 பேரை வச்சு பண்ண ஆய்வு லான்செட்ல வந்துச்சு, டம்மியைவிட இருமலும் குறைஞ்சுது, அதைவிட முக்கியம், வாழ்க்கைத் தரம் முன்னேறுச்சு. பக்கவிளைவு 100-க்கு 31 பேருக்கு, தலைச்சுத்தல், அசதி, மறதி மாதிரி. நிறுத்தினா இருமல் திரும்பிருது. விலை குறைவு, எல்லா ஊர்லயும் கிடைக்கும், அது பெரிய நல்ல விஷயம். என் பயம் என்னன்னா அம்மா ராத்திரி ரெண்டு தடவ எந்திரிப்பா, எங்க வீட்ல பாத்ரூம் வெளிய, சாரல் காலத்துல முற்றம் பாசி பிடிச்சுக் கிடக்கும், தலைசுத்தி விழுந்து இடுப்பு முறிஞ்சா இருமலே தேவலன்னு ஆயிரும். டாக்டரம்மா ரொம்பச் சின்ன டோஸ்ல ராத்திரி மட்டும் ஆரம்பிச்சு மெல்ல ஏத்தலாம்னு சொன்னாங்க. அமிட்ரிப்டிலின் இன்னொரு வழி, ஆனா அது வாயை வறட்டிரும், தொண்டை வறண்டா அம்மாவுக்கு இருமல் கூடும், அதனால வேண்டாம்னுட்டாங்க.

இன்னொண்ணு மார்ஃபின். பேரைக் கேட்டதும் அப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு, "கேன்சருக்குக் குடுக்குறதுல்லா அது"ன்னு. ஆனா உண்மையில மார்ஃபின் மெதுவா கரையுற மாத்திரைய சின்ன அளவுல, 5 இல்லன்னா 10 மில்லிகிராம், குடுத்து 2007-லயே இங்கிலாந்துல பாத்திருக்காங்க, நோயாளிகளே போட்ட இருமல் மதிப்பெண் 40 சதவீதம் கிட்ட இறங்குச்சு. 2024-ல நுரையீரல் தழும்பு நோய்க்காரங்க 44 பேர்கிட்ட பண்ண ஆய்வுல விழிச்சிருக்கும்போது வர்ற இருமல் டம்மியைவிட 39 சதவீதம் குறைஞ்சுது. எண்ணிக்கைய மட்டும் பாத்தா கெஃபாபிக்சண்ட்டைவிட பலம் கூட. கோடீன்னா வேற கதை, சி.ஓ.பி.டி.ங்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள்கிட்ட எண்ணிப் பாத்தப்ப டம்மியைவிட மேலா ஒண்ணும் இல்ல. மார்ஃபின் விஷயத்துல எல்லையில இருக்கிறது நமக்கு ஒரு வசதி, கேரளாவுல வலி நிவாரண சேவை ஊர் ஊரா பரவியிருக்கு, பாலியம் இந்தியா 2003-ல இருந்து திருவனந்தபுரத்துல இருக்கு, வாய்வழி மார்ஃபினை ஒழுங்கா கணக்கு வச்சுக் குடுக்கத் தெரிஞ்சவங்க அங்க அதிகம். 2014-ல போதைமருந்துச் சட்டத்தைத் திருத்தின பிறகு அனுமதி வாங்குறதும் லேசாச்சு. ஆனா எங்க கடை மாதிரி சாதாரண மெடிக்கல்ல வாங்க முடியாது, அனுமதி உள்ள ஆஸ்பத்திரியிலதான். மலச்சிக்கல் நிச்சயம், தூக்கக் கலக்கம், பழகிப்போற அபாயம். சிந்துற பிரச்சனை இருக்கிறவளுக்கு மலச்சிக்கலும் வந்து முக்க ஆரம்பிச்சா அது இன்னும் கேடு. டாக்டரம்மா "இது நமக்கு கடைசிப் படி, முதல்படி இல்ல"ன்னாங்க. நால்புஃபின்னு ஒரு மருந்தை மெதுவா கரையுற மாத்திரையா மாத்தி ட்ரெவிங்கிற அமெரிக்கக் கம்பெனி ஆய்வு பண்ணுது, நுரையீரல் தழும்பு உள்ளவங்களுக்கு பகல் இருமல் 75 சதவீதம் இறங்குச்சு, டம்மிக்கு 23 தான், அந்த வித்தியாசம் இந்தத் துறையில அபூர்வம். தழும்பு நோய் இருக்கிற வீட்டுக்காரங்க இந்தப் பேரை மனசுல வச்சுக்கோங்க.

கடைசியா, நான் ஆரம்பத்துல ஒரு பொருட்டாவே எடுத்துக்காதது: தொண்டைப் பயிற்சி. பேச்சுப் பயிற்சி குடுக்கிற தெரபிஸ்ட் சொல்லித் தர்றது. மாத்திரை விக்கிறவளுக்கு மாத்திரைதான் வைத்தியம்னு தோணும், அது என் தப்பு. 2006-ல ஆஸ்திரேலியாவுல 87 பேர்கிட்ட பாத்தாங்க, இருமல் பயிற்சி எடுத்தவங்கள்ல 88 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், சும்மா பொதுவான ஆரோக்கிய வகுப்பு மட்டும் கேட்டவங்களுக்கு 14 சதவீதம். அதுல மைக் வச்சு எண்ணலன்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டேன். 2017-ல இங்கிலாந்துல 75 பேர்கிட்ட எண்ணியே பாத்திருக்காங்க, ஒப்பீட்டுக் குழுவைவிட இருமல் 41 சதவீதம் குறைவு. 41! மருந்தே இல்லாம, ருசி கெடாம, தலை சுத்தாம. இதை ஏன் யாரும் முதல்லயே சொல்லலன்னு எனக்கு ஆத்திரமே வந்துச்சு. விக்கிறதுக்கு ஒரு பொருள் இல்லாத வைத்தியத்தைப் பத்திச் சொல்ல எந்த மருந்துக் கம்பெனி ரெப்பும் கடைக்கு வர்றதில்ல, அதனால நானும் கேள்விப்படல.

பயிற்சின்னா பெருசா ஒண்ணும் இல்ல. நெருடல் வரும்ல, இருமல் வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி, அதை முதல்ல கண்டுபிடிக்கப் பழகணும். வந்த உடனே வாயை மூடி மூக்கால மெல்ல மூச்சு, எச்சி முழுங்குறது இல்லன்னா ஒரு மிடறு தண்ணி, உதட்டைக் குவிச்சு மெல்ல மூச்சை விடுறது. தொண்டையச் செருமவே கூடாது, செருமச் செரும அந்த இடம் இன்னும் கூசும். வாயால மூச்சு விடுறதைக் குறைக்கணும், தண்ணிய அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். முக்கியமா, இந்த இருமலால உடம்புக்கு ஒரு லாபமும் இல்ல, அடக்கினா கெடுதலும் இல்லன்னு அம்மாவை நம்ப வைக்கணும், ஏன்னா உள்ள ஏதோ இருக்கு அதை வெளியேத்தணும்னுதான் 7 வருஷமா அவ நினைச்சுக்கிட்டு இருந்தா. இதுல சிக்கல், ஆள் கிடைக்கிறது. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, இருமலுக்குன்னு பழகினவங்க குறைவு. திருவனந்தபுரத்துல பேச்சு, கேட்டல் படிப்புக்குன்னே நிஷ்ங்கிற நிறுவனம் இருக்கு, படிச்சு முடிச்ச பிள்ளைங்க அந்த ஊர்ல ஓரளவு உண்டு, டாக்டரம்மாவே ஒரு பொண்ணைக் கை காட்டினாங்க, அவளுக்கு நாகர்கோவில் பக்கம், தமிழ்லயே சொல்லிக் குடுக்கிறா. போக வர ஒரு நாள் போயிரும், பஸ்ல புகைக்கும் மலை வளைவுக்கும் அம்மாவுக்கு இருமல் பிடிக்கும், அது ஒரு கஷ்டம்தான். ரெண்டாவது தடவையில இருந்து பாதிய வீடியோ கால்ல முடிச்சுக்கிடுதோம்.

மருந்து ஆய்வுல அம்மாவைச் சேத்து விடலாமான்னும் ஒரு யோசனை வந்துச்சு. இந்தியாவுல நடக்கிற ஒவ்வொரு ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டுல இருக்கணும், சம்மதப் பத்திரம் புரியிற மொழியில குடுக்கணும், 2019 விதிப்படி ஆய்வால பாதிப்பு வந்தா இழப்பீடு உண்டு. இதுல எனக்குப் பயம் இல்ல, டம்மி வந்தா வரட்டும். அம்மாதான் "நெஞ்சுல மைக்கை ஒட்டிட்டு நான் வீட்ல பேசுறதெல்லாம் யாரோ கேப்பாகளா"ன்னு மிரண்டுட்டா, அதோட அதை விட்டுட்டோம்.

முடிவு எடுத்தது நான் இல்ல, அம்மா. ஒருநாள் ராத்திரி நான் எல்லாத்தையும் சொல்லி, "ஜப்பான் மாத்திரை சாப்பிட்டா நாக்குல உப்பு புளி தெரியாம போகலாம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உப்பு புளி தெரியாம உங்களுக்கு என்னத்த ஆக்கிப் போட"ன்னு கேட்டா. அவ்வளவுதான். இப்ப தை மாசத்துல இருந்து பயிற்சி, அதோட ராத்திரிக்கு கபாபென்டின் சின்ன டோஸ், விழுந்துரக் கூடாதுன்னு முற்றத்துல கைப்பிடிக் கம்பி போட்டு லைட்டும் மாட்டியாச்சு. 3 மாசம் பாத்துட்டு பிரயோஜனம் இல்லன்னா மாத்திரைய மெல்லக் குறைச்சு நிறுத்தணும்னு டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க. காம்லிபிக்சண்ட் வந்தா அதைப் பத்தி அப்ப உக்காந்து பேசுவோம். மார்ஃபின் அதுக்கும் பிறகு. சிந்துறதுக்கு தனியா ஒரு பயிற்சியும் அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தா, இடுப்புக்கு அடியில தசைய இறுக்கி விடுறது, தும்மல் இருமல் வர்றதுக்கு முன்னாடியே இறுக்கணும், அதுல அம்மாவுக்கு நம்பிக்கை வந்திருக்கு.

மைக் இல்லாத குறைக்கு நாங்க புளியங்கொட்டைய வச்சு எண்ணுறோம். காலையில ஒரு கிண்ணம் நிறைய கொட்டை, ஒவ்வொரு தடவ இருமல் பிடிக்கும்போதும் ஒண்ணை எடுத்து பக்கத்துக் கிண்ணத்துல போடணும். முதல் வாரம் ஒரு நாளைக்கு 40-க்குக் கீழ வந்ததே இல்ல. 6 வாரம் ஆச்சு, இப்ப 25, 26ன்னு நிக்குது. இதுல எவ்வளவு பயிற்சியால, எவ்வளவு மாத்திரையால, எவ்வளவு நான் தினம் பக்கத்துல உக்காந்து எண்ணுறதால வந்த நம்பிக்கைன்னு பிரிக்க எனக்கு வழி இல்ல. சாரக்காத்து வந்த பிறகும் இதே எண்ணிக்கை நின்னாத்தான் நம்புவேன். நேத்து கிண்ணத்துல 22 கொட்டை கிடந்துச்சு, படம் பிடிச்சு மாமா மகனுக்கு அனுப்பினேன். சித்திரை லீவுக்கு வாறேன் மதினி, அத்தைய கூட்டாஞ்சோறு ஆக்கச் சொல்லுங்கன்னு பதில் போட்டான். அம்மா இப்பவே முருங்கைக்கீரைக்கு பக்கத்து வீட்ல சொல்லி வச்சுட்டா.